குறியில்லாத குண்டுகள்

கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருந்த நாச்சிமுத்துவுக்கு ஐம்பது வயசுக்கு மேல் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. மனுஷன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆசை ஒன்றே ஒன்றுதான். மாநிலத் துப்பாக்கி சுடும் அணியில் ஒரு தடவையாவது தன் பேர் வர வேண்டும். அதற்கும் இந்த வருஷத்தை விட்டால் வழியில்லை. குறி பார்க்கிற வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது.

அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்த குரு ரெஜினா டீச்சர். மகள் வயசுதான். ஆனாலும் டீச்சர் நிற்கும்போது நாச்சிமுத்து உட்கார மாட்டார்.

அணித் தேர்வு விஜயதசமியன்று காலையில். முந்தின நாள் ஆயுத பூஜை. வருஷா வருஷம் லேத்தைப் பளபளவென்று துடைக்கிற கை சும்மா இருக்குமா? புதிதாக வாங்கிய துப்பாக்கியையும் எடுத்து வைத்துக்கொண்டார். குழாய்க்குள் அழுக்கெடுக்கிற மருந்து விட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்து, உள்ளே விட்ட துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை ஓயவில்லை. அப்புறம் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தார்.

மறுநாள் தேர்வுக்கு முன்னால் சுட்டுப் பார்க்கும்போதே வந்தது வினை. ஐம்பது மீட்டர் தள்ளிக் குறி அட்டை, அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு நடுவட்டம். முதல் குண்டு மேலே போனது. அடுத்தது இடது பக்கம். குறியைச் சரிசெய்கிற திருகைத் திருப்பினார். அதற்கடுத்தது எங்கோ கீழே விழுந்தது.

எழுந்து டீச்சரிடம் போனார்.

“கண்ணு போயிருச்சுங்க டீச்சர்.”

டீச்சர் அட்டையைப் பார்த்தார். நேற்று துப்பாக்கியை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நாச்சிமுத்து அந்தக் கலக்கத்திலும் பெருமை குறையாமல் பூஜைக் கதையைச் சொன்னார். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

“அட்டையை எடுத்துட்டு, பின்னால இருக்கற மண்மேட்டுல சுடுங்ணா.”

“எதைப் பாத்துங்க?”

“எதையும் பாக்க வேண்டாம்.”

தேர்வு நெருங்குகிற நேரத்தில் இது என்ன கூத்து என்றுதான் தோன்றியது. ஆனால் சொன்னது குரு. சுட்டார். மண் புகைந்தது. டீச்சர் போதும் என்கிறவரை சுட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு புது அட்டை மாட்டி, ஐந்து குண்டு சுடச் சொன்னார் டீச்சர். சுட்டுவிட்டு, போய் அட்டையை எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு ஓட்டை. மற்ற நான்கும் அட்டையிலேயே படவில்லை என்றே நினைத்தார். கிட்டத்தில் பார்த்தார். ஓட்டையின் ஓரம் கொஞ்சம் பிசிறியிருந்தது. ஐந்தும் ஒரே வாசல் வழியாகப் போயிருந்தன.

“உள்ள என்னங்க நடந்துச்சு?”

டீச்சர் ஒரு குண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். விரலில் பிசுபிசுவென்று மெழுகு ஒட்டியது.

“போற ஒவ்வொண்ணும் இதுல துளி குழாய்க்குள்ள விட்டுட்டுப் போகும். பின்னால வர்றது அதுமேலதான் வழுக்கிட்டுப் போகும். நேத்து அத்தனையும் நீங்க தொடைச்சுட்டீங்க. மண்மேட்டுல சுட்டது அதைத் திரும்பப் பூசத்தான்.”

எண்ணெய் விடாமல் லேத்தை ஓட்டினால் வேலையாட்களை வறுத்தெடுக்கிற மனுஷன், விரலில் ஒட்டிய மெழுகை உருட்டி உருட்டிப் பார்த்தார். அந்தச் சின்னக் குழாய்க்குள் இப்படியொரு சங்கதியா என்று அவரால் நம்பவே முடியவில்லை.

மத்தியானம் பேர் வாசித்தார்கள். நாச்சிமுத்து பேர் இருந்தது. கேட்டதும் அழுதுவிட்டார்.

துப்பாக்கிகளெல்லாம் உறைக்குள் போன பிறகு, அந்த ஒற்றை ஓட்டை அட்டையை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார். சட்டைப்பையில் நேற்றைய குங்குமப் பொட்டலம் இருந்தது. அட்டைக்குப் பொட்டு வைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போவதாகச் சொன்னார்.

டீச்சர் மண்மேட்டைக் கை காட்டினார்.

“பொட்டு அங்க வைங்ணா.”

நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தார்.