எதனால் வந்தது என்று கேட்டவர்

"எதனாலம்மா வந்துச்சு?"

மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் குழந்தைவேல் கேட்டது இதுதான். நேற்றும் இதையே கேட்டார். முந்தாநாளும் இதையேதான்.

அவருடைய மனைவி வள்ளிநாயகிக்கு வயிற்றில் புற்று. ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்தார்கள். பிறகு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். குழந்தைவேலுக்கும் தெரியும்.

தெரிந்ததை விட்டுவிட்டுத் தெரியாததைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். அந்த மனுசனைத் திட்டவும் யாருக்கும் மனசு வரவில்லை.

தண்ணீர் கேனாக இருக்குமோ? வெயிலில் லாரியில் காய்ந்து காய்ந்து வருகிறதே. தோசைக்கல்லின் கறுப்புப் பூச்சோ? உரிந்து உரிந்து தோசையோடு போனதே. கொசுவத்தியா, முகப்பவுடரா, பாத்திரம் தேய்க்கிற சோப்பா? தினமும் ஒரு சாமான் மேல் பழி விழும். செல்போனில் எதையாவது படிப்பார். படித்ததும் மடத்துக்கு ஓடி வருவார்.

டாக்டரையும் அவர் விட்டுவைக்கவில்லை. இன்னாருக்கு இன்னதால்தான் வந்தது என்று கையைக் காட்ட யாராலும் முடியாது என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அது குழந்தைவேலுக்குப் பதிலாகவே படவில்லை.

அமராவதி ஆற்றோரம் இருந்த அந்தச் சின்ன மடத்தில் நீலாம்பிகையம்மை என்கிற துறவி இருந்தார். குழந்தைவேலைவிட வயதில் ரொம்ப இளையவர். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு குழந்தைவேல் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார். அம்மை கீரை ஆய்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்பார்.

"இப்ப அவங்க என்ன பண்ணிட்டிருக்காங்க?"

அவ்வளவுதான். தினமும் அதே கேள்வி.

சாதாரண ஆள் என்ன செய்வான்? வீட்டுக்குப் போய்ப் பார்ப்பான். குழந்தைவேல் சீடராயிற்றே. குருவின் வாயில் வந்தது எதுவானாலும் அதற்குள் வேறொன்று ஒளிந்திருக்கும் என்று நம்புகிறவர். 'அவங்க' என்றால் யார்? உடம்பா, உயிரா? 'இப்ப' என்றால் எது? படித்துறையில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை யோசித்தார். ஆற்றில் தண்ணீர்கூட இல்லை.

ஒருநாள் முகம் செத்துப்போய் வந்திருந்தார். கண்டுபிடித்துவிட்டாராம்.

மில்லில் வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் பரோட்டா வாங்கி வருவார். சால்னாவைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றிக் கட்டித் தருவார்கள். வள்ளிநாயகிக்கு அந்தச் சால்னா என்றால் உயிர். அதற்காகவே சுற்றிக்கொண்டு அந்தக் கடை வழியாக வருவார். கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம், ஓய்வு பெற்ற பிறகும், அவள் படுக்கையில் விழும்வரை நிற்கவில்லை.

"அப்ப நான்தாம்மா குடுத்திருக்கேன்," என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

அம்மை கீரையைக் கீழே வைத்தார்.

"சூடானதக் கவர்ல வாங்கறது நல்ல பழக்கமில்லைங்க. இங்கயும் எவர்சில்வர் தூக்குப்போசியக் குடுத்துத்தான் வாங்கறோம். அதனாலதான் இது வந்துச்சான்னு கேட்டா, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"தெரியணுங்கம்மா."

"தெரிஞ்சா?"

"வேற ஏதாச்சும்னு தெரிஞ்சா, நான் இல்லைன்னு ஆயிடுமில்லீங்க."

 குழந்தைவேல் அழுது ஓயட்டும் என்று அம்மை இருந்தார். ஓய்ந்தபிறகு பழைய கேள்வியையே கேட்டார்.

"இப்ப அவங்க என்ன பண்ணிட்டிருக்காங்க?"

குழந்தைவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படித்துறையில் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். ஆன்மாவுக்குச் செயல் கிடையாது என்று தொடங்கினார். அம்மை கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அதெல்லாம் வேண்டாங்க. வீட்டுல, கட்டில்ல, இந்த நேரத்துல. அதத்தான் கேக்கறேன்."

தூங்குவாள் என்றார் குழந்தைவேல். கொஞ்சம் யோசித்து, தூங்கினாலும் தூங்குவாள் என்றார். கடைசியில் தெரியவில்லை என்றார்.

அம்மை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, போய்ப் பாப்போம்."

வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. மகள் வெளியூரில். குழந்தைவேல் காலையில் கஞ்சி ஊட்டிவிட்டுக் கிளம்பினால் வள்ளிநாயகி தனியாகத்தான் கிடப்பாள். வீட்டுக்குள் மருந்துக்குக்கூடப் பிளாஸ்டிக் கிடையாது. எங்கே பார்த்தாலும் புதுச் செம்பும் பித்தளையும். கல்யாணச் சீர் வந்து இறங்கிய வீடு மாதிரி இருந்தது.

வள்ளிநாயகி தூங்கவில்லை. ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. தலைமாட்டு ஸ்டூலில் பெரிய செப்புச் சொம்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தலையணை நனைந்திருந்தது, மெத்தையும் நனைந்திருந்தது.

அம்மையைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. மன்னிச்சுக்குங்கம்மா என்றாள். அம்மை பக்கத்தில் உட்கார்ந்து, ஈரமான கழுத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, எவ்வளவு நேரமாகத் தண்ணீர் தவிக்கிறது என்று கேட்டார்.

"காத்தாலயே தவிச்சுதுங்க. எடுக்கப் பாத்தேன். கனமா இருக்குது, கையில நிக்க மாட்டேங்குது."

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது குழல் வைத்த பாட்டில் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். படுத்தவாக்கிலேயே உறிஞ்சிக் குடிக்கலாம். அதைப் பிளாஸ்டிக் என்று எடுத்துக் குப்பையில் போட்டவர் குழந்தைவேல். செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று இந்தச் சொம்பைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தவரும் அவர்தான்.

அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றார் அம்மை.

"எனக்காகத்தானுங்க அப்படி அலையறாரு. எப்படிச் சொல்றது?"

குழந்தைவேல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

அம்மை பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பாட்டில் ஒன்று இருந்தது. மேலே கரடிப் படம், வாயில் குழல், குழல் முனையில் பல் கடித்த தடம். அதை வாங்கிவந்து நன்றாகக் கழுவித் தண்ணீர் பிடித்தார். வள்ளிநாயகியிடம் கொடுக்காமல் குழந்தைவேலின் கையில் கொடுத்தார்.

குழந்தைவேல் அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பினார். அடியில், பிளாஸ்டிக் எந்த வகை என்று காட்டும் முக்கோணத்துக்குள் என்ன எண் போட்டிருக்கிறது என்று தேடினார். எந்தப் பாட்டிலைத் தொட்டாலும் அதைத் தேடுவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

"ஏனுங்க," என்றாள் வள்ளிநாயகி.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகப் பார்த்தார். இந்த முகமா இவ்வளவு சின்னதாகிவிட்டது?

கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குழலை உதட்டில் வைத்தார். அவள் உறிஞ்சினாள், மூச்சு வாங்கினாள், மறுபடியும் உறிஞ்சினாள். பாட்டில் காலியானது.

இன்னும் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று அவர் எழப் பார்த்தார். வள்ளிநாயகி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் போதும் என்றாள்.

"நான் பண்ணினதுதானா வள்ளி இது?" என்றார் குழந்தைவேல்.

"அத அப்பறமா யோசிச்சுக்குங்க," என்றாள். "அப்பறம் உங்களுக்கு நேரம் நெறைய இருக்கும்."