வரையாட்டுக் கடாவின் முதுகு வெளுத்த கதை

ஆடும் அணிலும் நம்மைப் போலவே வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மேகம் வந்து இடிக்கிற உயரத்தில் ஒரு மலை இருந்தது. வெறும் மலை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. உச்சியில் பரந்த புல்வெளி. புல்வெளியின் விளிம்பிலிருந்து தலைகுப்புற விழுகிற ஓர் அருவி. அருவிக்குப் பின்னாலேயே ஒரு குகை. அருவிக்கு மேலே, ஓடையைத் தாண்டினால், இடிந்து கிடக்கிற ஒரு கோட்டை. அதைக் கட்டிய மனிதர்கள் குளிர் தாங்காமல் இறங்கிப்போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆக, அந்தக் காலத்திலேயே அது பழைய கோட்டைதான். இவ்வளவும் ஒரே மலையில் இருந்தால் யாருக்குத்தான் பார்க்க ஆசை வராது?

ஆனால் நினைத்தபோது ஏறிவிட முடியாது. மலை வரையாடுகளின் காவலில் இருந்தது. வருஷத்தில் ஒரே ஒரு நாள், மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், கீழ்க்காட்டுப் பிராணிகளை மேலே விடுவார்கள். அதற்கும் சட்டம் உண்டு. கண்ணால் பார்க்கலாம், ஒரு பூவைக்கூடப் பறிக்கக் கூடாது. கருமேகம் தலைகாட்டினால், பார்த்தது பாதி பார்க்காதது பாதியானாலும், அப்படியே திரும்பி இறங்கிவிட வேண்டும்.

அந்த வருஷம் சுற்றிக் காட்டுகிற முறை கொடுமுடி என்கிற கடாவுக்கு வந்தது. அப்போதெல்லாம் கடாக்களுக்கு உடம்பு முழுக்க ஒரே கருப்பு. யாருடைய முதுகு அதிகக் கருப்போ அவன்தான் மந்தைக்குத் தலைவன். மழைக்கு முந்தைய கூட்டத்தில் எல்லாக் கடாக்களும் வரிசையாக நிற்க, மூத்த பெட்டை கோம்பாயி ஒவ்வொரு முதுகாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். மூன்று வருஷமாகக் கொடுமுடி இரண்டாம் இடம். ஜெயித்தது சிலும்பன் என்கிற இன்னொரு கடா. அதனால் இந்த வருஷம் கொடுமுடி புழுதியில் புரளவில்லை, பாறையில் முதுகு தேய்க்கவில்லை, உண்ணி பொறுக்க வந்த காக்கையைக்கூட விரட்டிவிட்டான். அரிப்பெடுத்துச் செத்தாலும் சரி என்று இருந்தான். முதுகு மினுமினு என்று இருந்தது. கூட்டம், சுற்றிக் காட்டுகிற நாளுக்கு மறுநாள் காலையில்.

விடிந்ததும் அடிவாரத்தில் இருபத்துமூன்று பேர் காத்திருந்தார்கள். குட்டிகளோடு செவலி என்கிற முயல், ஒரு கீரிக் குடும்பம், அணில்கள், ஓர் உடும்பு, ஓர் ஆமை, எல்லாருக்கும் கடைசியில் முள்ளாயி என்கிற முள்ளம்பன்றி. கொடுமுடி எண்ணிக்கொண்டான். "என் பின்னாலயே வாங்க. யாரும் என் முதுகை உரசிறாதீங்க," என்றான்.

"நான் கடைசியிலயே வரேன் தம்பி. நான் உரசினா நல்லாவா இருக்கும்?" என்றாள் முள்ளாயி.

ஏறினார்கள். அருவியை முதல்முறையாகப் பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அணில்கள் வாலைத் தூக்கியது தூக்கியபடி நின்றுவிட்டன. உடும்பு, "இம்புட்டுத் தண்ணி எங்க இருந்து வருது? தீராதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. சாரலில் நனைந்த முயல்குட்டிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு திரும்பத் திரும்பப் போய் நனைந்தன. செவலி அதட்டவில்லை, அவளும் போய் நனைந்தாள். கொடுமுடிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் மலையை ஒருவர் வாய் பிளந்து பார்ப்பதில் உள்ள சுகம் இருக்கிறதே, அது அவனுக்குப் புதுசு.

அருவிக்குப் பின்னால் ஒரு சிறு நடைவழி. வலப்பக்கம் பாறை, இடப்பக்கம் தண்ணீர்த் திரை. அதில் ஒருவர் பின் ஒருவராக நடந்து குகைக்குள் போனார்கள். உள்ளே பேசினால் பேச்சு ஏழு முறை திரும்பி வரும். கீரிக் குடும்பத்துத் தகப்பன் தும்மினான். ஏழு தும்மல் வந்தது. சிரித்தார்கள், அந்தச் சிரிப்பும் ஏழாக வந்தது, அதைக் கேட்டு மறுபடி சிரித்தார்கள். ஆமைக்கு வயிறு வலித்து ஓட்டுக்குள் போய்ச் சிரித்தது.

குகையை விட்டு வெளியே வந்ததும் கொடுமுடி மேற்கே பார்த்தான். அங்கே ஒரு கருமேகம். சின்னது. ஒரு ஆட்டுக்குட்டி படுத்த அளவுகூட இல்லை. ஆனாலும் கருமேகம் கருமேகம்தானே. இறங்கியிருக்க வேண்டும்.

"கோட்டை எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டாள் செவலி. குட்டிகள் நாலும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில்தான் அந்த மடையன் கோட்டைவிட்டான். "இந்தா, பக்கத்துலதான். ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துறலாம்," என்று சொல்லிவிட்டான்.

ஓடை அருவியாக விழுவதற்குச் சற்று முன்னால் ஒரு பாறைப் பிளவு வழியாக ஓடுகிறது. அதன்மேல் மனிதர்கள் போட்டுவைத்த ஒரு நீளப் பலகைக்கல். அதில் நடந்து எல்லாரும் அக்கரை சேர்ந்தார்கள். உடைந்த மதில், புல் முளைத்த படி, கூரையில்லாத கொலுமண்டபம். "ராஜா எங்க உக்காருவாரு?" என்று ஓர் அணில் கேட்க, கொடுமுடி ஒரு மேடையைக் காட்ட, இருபத்துமூன்று பேரும் முறை வைத்து அதில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆமை ஏறி உட்கார்ந்து இறங்குவதற்குள் வானம் இருட்டிவிட்டது.

மழை என்றால் அப்படி ஒரு மழை. கூரை மிச்சமிருந்தது ஒரே ஓர் அறையில். அதற்குள் ஓடி ஒண்டினார்கள். அது கோட்டை கட்டிய காலத்துச் சுண்ணாம்பு அறை. கட்டி கட்டியாகக் குவிந்து கிடந்த சுண்ணாம்பில் மழைத்தண்ணீர் புகுந்ததும் அது கொதித்துப் பொங்கிக் குழம்பாகிவிட்டது. காலெல்லாம் சூடு. அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தபோது அத்தனை பேருக்கும் முழங்கால்வரை வெள்ளை. வெளியே வந்து பார்த்தால் பலகைக்கல்லைக் காணோம். ஓடை அதைப் புரட்டி அருவியோடு தள்ளிவிட்டிருந்தது. பின்னால் கோட்டைக்குள்ளும் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நீங்க ஒரு தாவுல போயிருவீங்க. நாங்க என்ன செய்ய?" என்றாள் செவலி. பழி சொல்லவில்லை, கேட்டாள், அவ்வளவுதான்.

உண்மைதான். அவனுக்கு அது ஒரு தாவல். பிளவு அவன் உடம்பு நீளம்தான். தான் குறுக்கே நின்றால் இவர்கள் தன்மேல் நடந்து போய்விடலாம் என்பதும் பார்த்த உடனேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கூடவே இருபத்துமூன்று பேருடைய சுண்ணாம்புக் கால்களும் தெரிந்தன. மூன்று வருஷம் தோற்றது, ஒரு வருஷம் அரிப்பைப் பொறுத்தது, நாளைக் காலைக் கூட்டம், எல்லாம் அவனுக்கு ஞாபகம் வந்தது. அழுகை வந்தது. ஆனால் மேகத்தைப் பார்த்தும் இவர்களை இங்கே கூட்டிக்கொண்டு வந்தவன் வேறு யாரும் இல்லையே.

முன்னங்கால்களை எட்டி அக்கரையில் ஊன்றினான், பின்னங்கால்களை இக்கரையில் இறுக்கினான். முதுகைத் தட்டையாக்கினான். கீழே தண்ணீர் அவன் வயிற்றைத் தொட்டுக்கொண்டு ஓடியது. "ம், ஏறுங்க. சின்னதுங்க முதல்ல," என்றான்.

அணில்கள் ஓடின. முயல்குட்டிகள் ஓடின. கீரிகள், செவலி, உடும்பு. ஒவ்வொரு காலும் சுண்ணாம்பை அப்பி மிதித்துவிட்டுப் போனது. தோல் எரிந்தது. அடுத்தது ஆமை. அது நடுமுதுகுக்கு வந்து மூச்சு வாங்க நின்றது.

"அவசரப்படுத்தலை. ஆனா கொஞ்சம் சீக்கிரம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் கொடுமுடி.

கடைசியில் முள்ளாயி. கனத்த உடம்பு, உடம்பெல்லாம் முள். அவள் நகரவில்லை. "எல்லாரும் போயாச்சு. நீ போ தம்பி. நான் எப்படியாவது பார்த்துக்கறேன்."

"முள்ளைப் படிய வச்சுக்கிட்டு வாங்க அக்கா. நான் இருபத்துமூணுன்னு எண்ணிக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

அவள் வந்தாள். வழுக்கும்போதெல்லாம் அவன் முதுகில் ஒரு முள் ஏறியது. அவன் காலை எடுக்கவில்லை. அவள் அக்கரையில் இறங்கியதும் ஒரே உந்தில் அவனும் தாவிவிட்டான். மறு நொடி பிளவு நிரம்பி வழிந்தது. அடிவாரத்தில் கொண்டுபோய் விட்டு, மறுபடி எண்ணினான். சரியாக இருந்தது.

மறுநாள் கூட்டம். மழை அவன் முதுகைக் கழுவத்தான் செய்தது, ஆனால் அத்தனை கால் மிதித்து ஏற்றிய சுண்ணாம்பு தோல்வரை இறங்கிவிட்டிருந்தது. நடுமுதுகில் சேணம் போட்டாற்போல் அகலமான ஒரு வெளுப்பு. வரிசையின் கடைசியில் போய் நின்றான். சிலும்பன் சத்தமாகவே சிரித்தான்.

கோம்பாயி ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டே வந்து அவனிடம் நின்றாள். மோந்து பார்த்தாள். "கோட்டைச் சுண்ணாம்பு. மேகத்தைப் பார்த்தியா, பார்க்கலையா?"

"பார்த்தேன். பார்த்துட்டும் கூட்டிட்டுப் போனேன். தப்பு என்னோடது."

"எத்தனை பேர் உன் மேல ஏறினாங்க?"

"இருபத்துமூணு."

"எத்தனை பேர் இறங்கினாங்க?"

"இருபத்துமூணு."

கோம்பாயி நடந்துபோய் அவன் பின்னால் நின்றுகொண்டாள். அவளைப் பார்த்துப் பெட்டைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. குட்டிகளும் வந்தன. "கருப்பு முதுகு பொறந்தப்பவே எல்லாருக்கும் இருக்கு," என்றாள் அவள் சிலும்பனைப் பார்த்து.

அந்த மழை விட்டதும் இளங்கடாக்கள் எல்லாம் கோட்டைக்கு ஓடிச் சுண்ணாம்பில் புரண்டன. அடுத்த தூறலுக்கே கழுவிக்கொண்டு போயிற்று. தானாகப் பூசிக்கொண்டது நிற்குமா? பெட்டைகள் அவற்றின் பக்கம் திரும்பக்கூட இல்லை, அப்புறம் பிறந்த குட்டிகளெல்லாம் கொடுமுடியின் வம்சம்தான்.

இன்றைக்கும் அந்த மாதிரி மலைக்குப் போனால் பாருங்கள். இளங்கடாவுக்கு முதுகில் ஒன்றும் இருக்காது. வருஷங்கள் போய், கடா முழுசாக வளர்ந்த பிறகுதான் நடுமுதுகு வெளுக்கும். கொடுமுடி பிளவின் குறுக்கே நின்ற அந்த நாளிலிருந்துதான், முதுகு வெளுக்காத கடாவின் பின்னால் எந்த வரையாட்டுக் கூட்டமும் போவதில்லை.