சடையன் வெட்டாத கொடி

மாடமலை ஜமீன்தாருக்கு ஒரு பழக்கம். தான் சாகடித்தவர்களைப் பற்றிக் கலெக்டருக்கு எழுதும்போது, எல்லோரும் கால் தவறி விழுந்து செத்ததாகவே எழுதுவார். கூலியில்லாமல் தேக்குமரம் இழுத்த மலைப்பெண் ஒருத்தி, எட்டு மாதக் கர்ப்பிணி, சவுக்கடி தாங்காமல் செத்தாள். அவளும் விழுந்துதான் செத்தாளாம். பிறந்தது முதல் பாறையில் நடக்கிறவர்களுக்கா கால் தவறும்? கலெக்டர் நம்பினார். கப்பம் ஒழுங்காக வந்தால் வெள்ளைக்காரனுக்கு எதையும் நம்புவதில் கஷ்டமில்லை.

மலைச்சனத்தின் தலைவன் கேத்தன் பொறுத்துப் பார்த்தான். பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டே! ஆட்களைத் திரட்டி ஜமீனின் மரக்கிடங்கைக் கொளுத்தினான். நான்கு மாதம் ஒரு கட்டைகூட மலையிறங்கவில்லை. ஜமீன்தார் வெள்ளைக்காரப் பட்டாளத்தை வரவழைத்தார். கேத்தன் செங்குத்துப் பாறையின் நடுவே இருந்த குகைக்குள் போய்விட்டான்.

அதற்குள் போக ஒரே வழி, தேன் எடுக்க இறங்கும் காட்டுக்கொடி. ஒருவன் கொடியில் தொங்கும்போது மேலே காவல் நிற்பவன் அவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது அந்த மலை வழக்கம். சொந்தத் தங்கையை விதவையாக்க எவனுக்கு மனம் வரும்? கேத்தனுக்குக் காவல் நின்றவன் மச்சான் சடையன்.

பட்டாளம் பாறை உச்சிக்கு வந்தது. கேத்தனின் மனைவி நீலியைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, அவன் மேலே வந்தால் அவளை விட்டுவிடுவதாகவும், வராவிட்டால் சுடுவதாகவும் ஜமீன்தார் கத்தினார். கேத்தன் ஏறத் தொடங்கினான்.

பட்டாளத்தை நடத்தி வந்த வெள்ளைக்காரத் துரையோ, கேத்தனை உயிரோடு பிடித்துச் சந்தைத்திடலில் எல்லோர் முன்னும் விசாரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். ஜமீன்தாருக்கு அது ஒத்துவரவில்லை. துரையின் காதில் விழாமல் சடையனிடம் குனிந்தார்.

"கொடியை வெட்டிவிடு. இல்லையென்றால் உன் தங்கை என் சிறையில்தான் சாவாள்."

பாதி வழியில் கேத்தனும் கத்தினான். "வெட்டு மச்சான். ஜமீன் போடும் தூக்கில் தொங்குவதைவிட நம்ம பாறையில் சாகிறேன்."

"வெட்டாதே அண்ணே" என்றாள் நீலி.

சடையன் கையில் அரிவாள் இருந்தது. அவன் வெட்டவில்லை. கேத்தன் மேலே வந்தான். மூன்றாம் நாள் விசாரணை என்று ஒன்று நடத்தித் திடலிலேயே தூக்கிலிட்டார்கள். நீலியையோ கேத்தன் பிடிபட்ட அன்றே ஜமீன் சிறையில் அடைத்திருந்தார்கள். கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஜமீன் வாக்குக்கு அவ்வளவுதான் ஆயுள். தலைவன் சொல்லையும் மீறினான், தங்கையையும் காக்கவில்லை என்று அந்த மூன்று நாளும் சடையனைப் பார்த்துப் பலர் காறித் துப்பினார்கள்.

ஏறி வந்தவன் வெட்டச் சொன்னான். அவன் மனைவி வேண்டாம் என்றாள். சடையன் வெட்டவில்லை. நீங்கள் சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: நீலியும் சடையனும். வெட்டியிருந்தால் கேத்தனும் கால் தவறி விழுந்ததாக இன்னொரு கடிதம் போயிருக்கும். ஜமீன்தார் காதில் ஓதியது அதற்குத்தானே! உயிரோடு வந்ததால், செத்தவர்கள் ஒவ்வொருவர் பெயரையும், எப்படிச் செத்தார்கள் என்பதையும் திடலில் ஊர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் கேத்தன் போனான். கேட்டவர்கள் வீடு திரும்பவில்லை. நேரே ஜமீன் சிறைக்குப் போய்க் கதவை உடைத்து நீலியை அழைத்து வந்தார்கள்.