ஒரு டம்ளர் காப்பி நேரம்

சொக்கலாங்குளத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் எதையும் நன்றாக யோசித்துச் செய்கிறவர்கள் என்று தங்களைப் பற்றித் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள் நாலு பேர்தான்: ஒச்சப்பன், சடையாண்டி, பூவலிங்கம், நல்லகுட்டி. ஒச்சப்பன் கம்ப்யூட்டர் கடை வைக்க ஆசைப்பட்டான். மதுரையில் யாசின் பாய் கடையில் உதிரி உதிரியாகச் சாமான்கள் வாங்கி வந்து, நாலு பேருமாகச் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரை மாட்டி முடித்தார்கள்.

மாட்டி முடித்தபோது சின்னதாக ஒரு ஃபேன் மட்டும் மிஞ்சியது.

"பெட்டிக்குள்ள மாட்டணுமோ?" என்றான் பூவலிங்கம்.

"உள்ள யாருடா உட்காரப் போறா?" என்றான் சடையாண்டி. "வெளிய உட்கார்ந்து வேலை பாக்குறவனுக்குத்தானே வேர்க்கும்?"

நியாயமாகப் பட்டது. வயரை நீளமாக இழுத்து, ஒச்சப்பன் முகத்துக்கு நேராக அந்த ஃபேனைக் கட்டிவிட்டார்கள். காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. இப்படி ஒரு வசதியை நினைத்துச் செய்தவனை ஒச்சப்பன் மனதாரக் கும்பிட்டான்.

கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கொஞ்ச நேரத்தில் திரை நீலமாகும், ஏதோ இங்கிலீஷில் எழுத்து வரும், பொசுக்கென்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி அப்படியே.

ஒச்சப்பன் நாள் எண்ண ஆரம்பித்தான். காரணம் மாமன் மொக்கராசு. அவர் மகள் சிட்டுவள்ளியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவன் கேட்டதற்கு அவர் ஒரே சொல்லாகச் சொல்லியிருந்தார்: "வெள்ளிக்கிழமை உன் கடைக்கு வர்றேன் மாப்ளே. நான் ஒரு டம்ளர் காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தப் பெட்டி அணையக் கூடாது. அணையலேன்னா பொண்ணு உனக்கு. அணைஞ்சா ரைஸ்மில்காரர் மகனுக்கு."

மொக்கராசு காப்பியை ஊதி ஊதிக் குடிக்கிறவர். அரை டம்ளர் இறங்குவதற்குள் இரண்டு பஸ் போய்விடும்.

"காப்பியை ஆறவச்சுக் குடுத்தா மடமடன்னு குடிச்சிருவாரு" என்றான் நல்லகுட்டி.

"ஆறின காப்பியையும் ஊதித்தாண்டா குடிப்பாரு. மோரையே ஊதுற மனுஷன்" என்றான் ஒச்சப்பன்.

யாசின் பாய்க்குப் போன் போட்டார்கள்.

"திரையில ஏதோ எழுத்து வருதுன்னீங்கள்ல? அது வரும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றார் பாய்.

நாலு பேரும் குளித்து, தலை வாரி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். திரை நீலமானதும் பக்கத்து டீக்கடைக்காரர் போட்டோ எடுத்தார். போட்டோ போன கையோடு பாய் கூப்பிட்டார்.

"நாலு பேரும் லட்சணமா இருக்கீங்க. கம்ப்யூட்டர் எங்கப்பா?"

"எங்களுக்குப் பின்னாடிதான் பாய் நிக்குது. உயரம் கம்மி."

பாய் போட்டோவை விட்டுவிட்டார். பிறகு, "பெட்டி சூடாகுதா, தொட்டுப் பாருங்க" என்றார்.

சடையாண்டி புறங்கையை வைத்துப் பார்த்தான். "அனலாக் கொதிக்குது பாய்."

"ஃபேன் சுத்துதா?"

"நல்லா சுத்துது பாய்" என்றான் ஒச்சப்பன், ஃபேனுக்கு முகத்தைக் காட்டியபடியே.

"காத்து வருதா?"

"சொர்க்கம் பாய்!"

பாய்க்கும் ஒன்றும் விளங்கவில்லை. "எப்படியாச்சும் சூட்டைக் குறைங்க" என்று வைத்துவிட்டார்.

சூட்டைக் குறைப்பது நாலு பேருக்கும் தெரிந்த வேலைதான். திரையின் நெற்றியில் ஈரத்துணியை மடித்துப் போட்டார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் கஞ்சியும் வைத்தார்கள். கம்ப்யூட்டர் கஞ்சியைத் தொடவில்லை.

"வாய் கசக்கும்போல" என்றான் பூவலிங்கம் கவலையோடு. ஊறுகாய் வைத்துப் பார்த்தார்கள். அதற்கும் அணைந்தது.

வியாழக்கிழமை ஒச்சப்பன் அழாத குறையாகப் போன் போட்டான். "பாய், நாளைக்கு மாமா வர்றாரு பாய்!"

"பதறாதீங்க. ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாருங்க. எதைக் கழட்டினதும் அணையறது நிக்குதோ, அதுதான் கோளாறு."

இது நாலு பேருக்கும் தெளிவாகப் புரிந்தது. மவுசைக் கழற்றினார்கள், அணைந்தது. கீபோர்டைக் கழற்றினார்கள், அணைந்தது. மேஜையின் இழுப்பறையைக் கழற்றினார்கள், கதவைக் கழற்றிச் சுவரில் சாத்தினார்கள், அப்போதும் அணைந்தது. வேறு எதுவும் தோன்றாமல் நல்லகுட்டி தன் சட்டையைக் கழற்றினான். அதற்கும் அது மசியவில்லை.

"சுவத்துல ஒரு வயரு போகுதே, அதைப் பாக்கலியே" என்றான் சடையாண்டி.

பிடுங்கினார்கள். நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அணையவில்லை.

ஒரு மணி நேரம் ஆனது. அணையவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அணையவே இல்லை. சாயங்காலம் பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் பச்சைத் தண்ணீர்போல் குளுகுளுவென்று இருந்தது.

"இந்த வயருதாண்டா பாவி!" என்று ஒச்சப்பன் குதித்தான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரே ஒரு குறை. வயரைப் பிடுங்கியதும் சின்ன ஃபேனும் நின்றுபோனது. மாமன் வரும் நேரத்தில் மாப்பிள்ளைக்கு வேர்த்தால் நன்றாகவா இருக்கும்? சடையாண்டி ஃபேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் சுற்றுவது என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மொக்கராசு மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். காப்பி வந்தது. ஊதினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஊதினார். கடைசிச் சொட்டு வரை கண்ணை எடுக்கவில்லை.

"அணையல" என்றார், டம்ளரைக் கீழே வைத்து.

"அப்பா, அது எரியவே இல்லையே" என்றாள் சிட்டுவள்ளி.

பெண் கைநழுவிப் போவது ஒச்சப்பனுக்குத் தெரிந்தது. ஆனாலும் உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? "எரிஞ்சாத்தான் அணைஞ்சிருதே மாமா" என்றான்.

மொக்கராசு வெறும் டம்ளரை எடுத்து அதையும் இரண்டு தரம் ஊதினார். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அட, என் பம்புசெட்டும் நடுநடுவுல நின்னு உசிரை வாங்குது. இந்த யோசனை எனக்கு வரலியே! மாப்ளே, கையோட அதையும் சரி பண்ணிக் குடு!"

நாலு பேரும் போய் ஃபியூசைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். அன்று முதல் அந்த மோட்டார் நடுவில் ஒரு தடவைகூட நின்றதில்லை. கரும்பெல்லாம் காய்ந்து வயல் கட்டாந்தரையாகி, கல்யாணப் பந்தல் போட நல்ல தோதாகவும் ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு யாசின் பாய் வந்தார். மணமேடையில் ஒச்சப்பன் முகத்துக்கு நேராகச் சடையாண்டி சின்ன ஃபேனைப் பிடித்து விரலால் சுற்றிக்கொண்டிருந்தான். பாய் அதை உற்றுப் பார்த்தார். தாம் விற்ற ஃபேன்தான். அது எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு நொடியில் புரிந்துபோயிற்று. மனுஷருக்குத் தலை சுற்றி, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவருக்கும் வேர்த்தது. சடையாண்டி ஃபேனை அவர் பக்கம் திருப்பினான்.

கொஞ்ச நேரம் சுற்றியது. நின்றது. மறுபடி சுற்றியது. மறுபடி நின்றது.

"ஏம்ப்பா, இது ஏன் நின்னு நின்னு சுத்துது?" என்றார் பாய்.

ஒச்சப்பன் மாலையை ஒதுக்கிவிட்டு எட்டிப் புறங்கையால் சடையாண்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"கோளாறு ஃபேன்ல இல்ல பாய்" என்றான். "இவன்தான் சூடாகிச் சூடாகி நின்னுர்றான். கழட்டிப் பாத்துருவோமா?"