பதிமூன்றாவது புள்ளி

வெளிச்சுற்று எலக்ட்ரானுக்கு ஒரு புள்ளி என்று, இரண்டு ஆக்சிஜனும் ஒரு மைனஸும் கொண்ட சூப்பராக்சைடு அயனியைக் கரும்பலகையில் வரைந்தாள் பரிதா. செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அரங்கநாயகம் சீறினார்.

"எலக்ட்ரான் ஜோடியாத்தான் இருக்கணும். இதென்ன ஒத்தைப் புள்ளி? ஃபெயில்!"

"குழப்பமா இருக்கு சார். நீங்களே சரிபண்ணிக் காட்டுங்களேன்."

அவர் ஒரு புள்ளியைச் சேர்த்தார்.

"ரெண்டு ஆக்சிஜனுக்குப் பன்னிரண்டு, மைனஸுக்கு ஒண்ணு. பதிமூணுதானே சார்? இந்தப் பதினாலாவது யாரோடது?"

அவர் இரண்டை அழித்தார்.

"இப்ப மைனஸையே காணோமே சார்!"

அவர் வைத்தார், அழித்தார், மறுபடி எண்ணினார்.

"அப்ப இந்த ஒண்ணை என்னதாம்மா பண்றது?"

"தனியாவே விட்டுடுங்க சார். அதுக்கு ஜோடி கிடையாது."

அவர் விட்டுவிட்டார். பரிதாவுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டார்.