பழைய ஓட்டை, புது ஓட்டை

சரிதான்பட்டி என்று ஓர் ஊர். அங்கே யார் எதைச் சொன்னாலும் ஊரே தலையை ஆட்டி "சரிதான்" என்று ஒத்துக்கொள்ளும். அதனால் அந்த ஊரில் சண்டையும் கிடையாது, புத்தியும் கிடையாது. அந்த ஊர்த் தொப்பளானுக்கு மட்டும் அந்த ஆவணியில் சோறு இறங்கவில்லை. அவன் பெண்டாட்டி மூக்காயி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கூரை ஒழுகி, தோசைக்கல்லில் மழை விழும். அடுப்படிக்கு வெளிச்சம் தர ஓடுகளுக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதுவும் புகை படிந்து கன்னங்கரேலென்று கிடந்தது. அந்த இருட்டில் ஒருநாள் அவள் உப்பென்று நினைத்து ரசத்தில் சோப்புத்தூளைப் போட்டுவிட்டாள். தொப்பளானோ, ரசம் நன்றாக நுரைத்திருக்கிறது என்று இன்னும் இரண்டு கரண்டி கேட்டுக் குடித்தான்.

"கூரை ஒழுகக் கூடாது, அடுப்படியில வெளிச்சம் இருக்கணும். அதுக்கப்புறம் ஆளனுப்பு, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

தொப்பளான் பக்கத்து ஊர் கன்னிமுத்துவை அழைத்து வந்தான். ஓடு வேய்வதில் கெட்டிக்காரர். கூரை முழுக்கப் புது ஓடு போட்டு முடித்து, கண்ணாடி ஓடு ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, அவர் வீட்டு மாடு கன்று போடுகிறது என்று ஆள் வந்தது.

"பழசே இருக்கட்டுமா, புதுசு போடலாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. என்னைக் கேட்டா, பழைய ஓட்டை உடையாம எடுத்துட்டு, புது ஓட்டைப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

தொப்பளான் தன் கூட்டாளிகள் சுப்பாண்டியையும் அய்யாவுவையும் கூப்பிட்டு யோசனை கேட்டான்.

"பழைய ஓட்டையை எடுக்கணுமாம். ஓட்டையை எப்படிடா எடுக்கிறது?"

சுப்பாண்டி தாடையைச் சொறிந்தான். "எடுக்கிறது பெருசில்ல மாப்ளே. உடையாம எடுக்கணுமே, அதான் கஷ்டம்."

தொப்பளான் கூரை ஏறிக் கண்ணாடி ஓட்டை உருவி ஓரமாக வைத்தான். அடியில் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. இரண்டு கையாலும் மெல்ல அள்ளிக் கூடையில் போட்டு, கயிற்றில் கட்டிப் பதனமாகக் கீழே இறக்கினான்.

அய்யாவு கூடைக்குள் எட்டிப் பார்த்தான். "அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்லையே!"

"ஒண்ணுமில்லன்னாத்தாண்டா அது ஓட்டை! ஏதாவது இருந்தா நான் தப்பா எடுத்துட்டேன்னு அர்த்தம்."

கொல்லைக் குப்பைக்குழியில் அதைக் கவனமாகக் கொட்டினார்கள். திரும்பி வந்து பார்த்தால், கூரையில் ஓட்டை அப்படியே இருந்தது. தொப்பளான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"பயப்படாத" என்றான் சுப்பாண்டி. "பழசைத்தான் எடுத்தாச்சே. இது புதுசு. தானா முளைச்சிருக்கு."

அடுப்படி முழுக்க வெயில் அடித்தது. ஜீரகம் எது கடுகு எது என்று வாசலில் இருந்தே தெரிந்தது. ஆனாலும் தொப்பளானுக்கு மனசு ஆறவில்லை. மழை வந்தால் இதே வழியாக வந்துவிடாதா? மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில், வெளிச்சத்துக்கு ஒரு வழி இருக்கும்போது மழைக்கென்று வழி விடாதது நம்ம தப்புதான் என்று முடிவாகி, கூடத்து மூலையில் இரண்டு ஓடுகளை உருவி மழைக்குத் தனியாக வழி விட்டார்கள். அதன் கீழே அண்டாவையும் வைத்தார்கள். பிறகுதான் மூக்காயிக்கு ஆளனுப்பினார்கள்.

அவள் துணிமூட்டையோடு வந்து இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. அண்டாவிலும் கொட்டியது, அடுப்பிலும் கொட்டியது. தொப்பளான் அண்ணாந்து, "ஏய், உன் வழி அந்தப் பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மழை கேட்கவில்லை. மூக்காயி மூட்டையை இறக்காமலே நின்றாள். எங்கே திரும்பிப் போய்விடுவாளோ என்று தொப்பளானுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்யா, கூறுகெட்ட மனுஷா! ரெண்டு வழியையும் திறந்து போட்டுட்டு, காவலுக்கு ஓராள் வைக்காம இருந்தா மழை கண்ட வழியிலயும் வரத்தான் செய்யும்!"

தொப்பளானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே அய்யாவுவைக் கூரையில் ஏற்றினார்கள். வெளிச்சம் வந்தால் உள்ளே விட வேண்டும், மழை வந்தால் விரட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அவன் குடையை விரித்துக்கொண்டு அடுப்படி ஓட்டை மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அடுப்பில் ஒரு சொட்டு விழவில்லை. மூக்காயி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உலை வைத்தாள்.

மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. அடுப்படி மட்டும் கும்மிருட்டாகவே இருந்தது. மூக்காயி உப்பைத் தேடித் தடவிக்கொண்டே மேலே பார்த்துக் கேட்டாள்: "அய்யாவு, வெளிச்சம் வந்துச்சாப்பா?"

"இன்னும் வரலக்கா. நான் இந்த இடத்தை விட்டு அசையவே இல்ல. வந்தா என்னைத் தாண்டித்தான் வரணும்!"