திறந்திருந்த பட்டி

வற்றிக்கொண்டிருந்த ஒரு குளத்தின் நடுத்திட்டில் சாம்பல் நிற வாத்து ஒன்று தனியாக இருந்தது. அதன் கூட்டம் முழுவதும் கிழக்குக் கரைக்கு அப்பால், அறுவடை முடிந்த வயலில், மேய்ப்பரின் வலைப்பட்டிக்குள் இருந்தது.

இந்த வாத்து மட்டும் பட்டிக்குப் போகவில்லை. குளத்து நத்தைகளின் ருசி அதைப் பிடித்து வைத்துவிட்டது. ஒரு சாயங்காலம் மேய்ப்பர் கரைமேல் நின்று அதைக் கூப்பிட்டார். காதில் விழுந்தும், வாத்து கோரைக்குள் தலையைச் செருகிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது. அதன்பிறகு நத்தை ருசிக்கவில்லை. மேய்ப்பரின் முகத்தில் விழிக்கவும் துணிவில்லை.

தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. திட்டுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே சேறு தெரியத் தொடங்கியது. அந்தக் கரையில் ஒரு காட்டுப்பூனை படுத்திருந்தது. அது தண்ணீரில் இறங்காது. சேறு காயட்டும் என்று காத்திருந்தது.

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் நீர்க்கோழி ஒன்று நீந்தி வந்தது.

“உங்க மேய்ப்பர் பட்டியில ஒரு பக்கம் வலையைக் கட்டாமலே விட்டிருக்கார். உனக்காகத்தான். போய்ச் சேரு” என்றது.

“கட்டாம விட்டிருக்காரா? ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் தூங்காத மனுஷன் அவர். இதுல என்னமோ இருக்கு.”

“அந்த வயல்ல மேய்ச்சல் தீர்ந்துபோச்சு. மத்த கூட்டமெல்லாம் வேற ஊருக்குப் போயாச்சு. அவர் மட்டும்தான் கிளம்பல.”

“தீர்ந்துபோன வயல்ல எதுக்கு உட்கார்ந்திருக்கார்? என்னைப் பிடிக்கத்தான்.” வாத்து கழுத்தைச் சாய்த்து நீர்க்கோழியை ஏற இறங்கப் பார்த்தது. “ஆமா, நீ எதுக்கு இவ்வளவு அக்கறையா வந்து சொல்ற? உனக்கு இதுல என்ன லாபம்?”

“நீ போனா நத்தையெல்லாம் எனக்கு. அப்படியே வச்சுக்கோ.” நீர்க்கோழி கோபித்துக்கொண்டு போய்விட்டது.

கரையிலிருந்து காட்டுப்பூனை மெல்லச் சிரித்தது. “நல்லா கேட்ட தங்கச்சி. இந்தக் காலத்துல யாரையும் நம்பக்கூடாது.”

வாத்துக்கு ஆறுதலாக இருந்தது. எல்லோரையும் சந்தேகித்த அது, தன் சந்தேகத்துக்குத் தலையாட்டிய பூனையை மட்டும் சந்தேகிக்கவில்லை.

“அண்ணே, உங்களுக்குக் கண்ணு கூர்மை. பட்டி வாசல்ல என்ன இருக்குன்னு பாருங்களேன்.”

பூனை கரைமேல் ஏறிப் பார்த்தது. “நான் நினைச்சது சரியாப் போச்சு. திறப்புக்குக் குறுக்கே அவரே உட்கார்ந்திருக்கார். மடியில கம்பு. நீ போனா முதுகு முறிஞ்சிடும்.”

“கூப்பிட்டும் வராம ஒளிஞ்சிருந்தேன் இல்லையா? அந்தக் கோபம்தான்.”

“வேற என்ன? அந்தக் கம்பைப் பத்தி என்கிட்ட கேளு. ஒரே அடி. மழை வந்தா இன்னமும் இடுப்பு வலிக்குது.”

“உங்களை எதுக்கு அடிச்சார்?”

“அது பழைய கதை. சும்மா பட்டிப் பக்கம் போனேன்.”

வாத்து பூனையின் இடுப்பையே பார்த்தது. பிறகு கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தது. குஞ்சாக இருந்தபோதிலிருந்தே அது அந்தக் கம்பின் பக்கத்தில்தான் நடந்து பழகியிருந்தது. கம்பு முன்னே நீண்டு வழி காட்டியிருக்கிறது. ஒரு நாளும் மேலே விழுந்ததில்லை.

“அண்ணே, அந்தக் கம்புக்குப் பயப்பட வேண்டியது நீங்க. உங்க பயத்தை நான் எதுக்குச் சுமக்கணும்?”

பூனையின் முன்கால் சேற்றில் இறங்கி ஆழம் பார்த்தது. வாத்துக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது.

அது கிழக்குப் பக்கம் தண்ணீரில் பாய்ந்தது. கரையேறி வயலில் ஓடியது. பூனை குளத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தது. வாத்தின் கால்கள் ஓட்டத்துக்கு ஆனவை அல்ல. அறுத்த நெல் தாள்கள் பாதத்தைக் கிழித்தன.

திறப்பில் மேய்ப்பர் எழுந்து நின்றார். கம்பை ஓங்கினார்.

பழைய சந்தேகம் முழுவதும் ஒரு கணத்தில் திரும்பி வந்தது. வாத்து நின்றுவிடப் பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவர் கால்களுக்கு நடுவே புகுந்தது.

கம்பு இறங்கியது. அலறல் வாத்துக்குப் பின்னாலிருந்து கேட்டது. கண்ணைத் திறந்தபோது, பூனை நொண்டியபடி வரப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது.

மேய்ப்பர் வாத்தைத் தூக்கினார். பாதத்தில் தைத்திருந்த தாளைப் பிடுங்கி எறிந்தார். “வந்துட்டியா” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதை உள்ளே விட்டார். இத்தனை நாளும் தன் உடம்பால் அடைத்திருந்த திறப்பை வலையை இழுத்துக் கட்டி மூடினார். மறுநாள் காலையில் கூட்டம் புதிய வயலுக்குக் கிளம்பியது.

ஆண்டவரை விட்டு விலகிப்போனவர் திரும்பிவர நினைக்கும்போது, “போகாதே, அவர் அடிப்பார்” என்று உள்ளே ஒரு குரல் சொன்னால், முதலில் அந்தக் குரலைச் சந்தேகிக்க வேண்டும்.